குவாண்டம் தொழில்நுட்பத்தைப் பிறருக்கு விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.நா. அவை 2025-ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்த பிறகு, பள்ளிகளிலிருந்தும் தொழில்முனைவோர் சங்கங்களிலிருந்தும் நூலக வாசகர் வட்டங்களிலிருந்தும் பேச்சாளர்களைக் கேட்டு வரும் அழைப்புகள் பெருகிவிட்டன. கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே இந்த மூன்று வகை அவையினரிடமும் பல ஆண்டுகளாகப் பேசி வருபவன் என்பதால், புதிதாகப் பேசத் தொடங்கும் இளம் ஆசிரியர்களின் ஒத்திகை ஒன்றுக்கு அண்மையில் என்னை அழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். பதினொரு பேர் பேசினார்கள். அவர்களில் ஒன்பது பேர், நான் தொடக்கக் காலத்தில் சொல்லிப் பின்னர் வருந்திய அதே வாக்கியத்தை, ஏறத்தாழ அதே பெருமிதத்தோடு சொன்னார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். படவில்லைகளில் எழுத்துகளை நெருக்காதீர்கள், சூத்திரங்களைக் குவிக்காதீர்கள் என்பன போன்ற அறிவுரைகளை எவரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூனையிலிருந்து தொடங்குதல்

பெட்டிக்குள் ஒரே நேரத்தில் உயிரோடும் இறந்தும் இருப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பூனையை இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935-இல் கொண்டுவந்தது, குவாண்டம் கொள்கைக்கு அன்று தரப்பட்ட விளக்கம் எவ்வளவு விபரீதமான முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்று காட்டுவதற்காகவே. அவர் ஆட்சேபமாகச் சொன்னதை நாம் அறிமுகமாகச் சொல்கிறோம். கேட்பவர்கள் பூனையை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

"எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்"

நான் குறிப்பிட்ட வாக்கியம் இதுதான். சாதாரண பிட் 0 அல்லது 1 ஆக இருக்கும், குவாண்டம் கணினியின் தகவல் அலகான க்யூபிட்டோ ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கும், எனவே குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுத்துவிடும் என்பது அதன் முழு வடிவம். கேட்பதற்கு இனிமையாக இருக்கும், அவையில் ஒரு வியப்பொலி எழும், பேசுபவருக்கும் மனம் நிறையும். இதன் முதற்பகுதி அரைகுறை உண்மை. "எனவே" என்பதற்குப் பின்னால் வருவது முழுப் பிழை.

இந்தப் பிழையை முதலில் பிடித்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு மாணவி எழுந்து, "அத்தனை விடையும் ஒண்ணா வந்தா, அதுல எது சரின்னு யாரு சார் சொல்றது?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "அதுதானம்மா குவாண்டத்தின் விந்தை" என்று சொல்லி அமர வைத்துவிட்டேன். அவள் கேட்டதுதான் இத்துறையின் மையக் கேள்வி என்பதை நான் அறிந்திருந்தும், நேரமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று ஒரு மாணவியின் நம்பிக்கையோடு போனது, பின்னர் ஒரு தொழிலதிபரின் பணத்தோடு போனது. கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒருவர் என் உரையைக் கேட்டிருந்தார். எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் ஓட்டுவது என்பது அவருடைய பட்டறையின் தீராத தலைவலி. எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கருவி ஒன்று வந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பி, இரண்டு பொறியாளர்களை எட்டு மாதம் அதிலேயே உட்கார வைத்து, வெளியிலிருந்து ஓர் ஆலோசகரையும் அமர்த்தினார். முடிவில், சாதாரண மடிக்கணினியில் ஓடும் இலவச மென்பொருள் அதே கணக்குக்குச் சில நிமிடங்களில் இன்னும் நல்ல வரிசையைக் கொடுத்தது. "ஏனுங்க சார், எல்லா வழியையும் ஒரே நேரத்துல பாக்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை; அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

என்ன பிழை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். க்யூபிட்டுகளை அளந்தவுடன் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடை. எத்தனை க்யூபிட்டுகளோ அத்தனை பிட்டுகளுக்கு மேல் தகவலைப் படித்தெடுக்க முடியாது என்பதைக் கணிதவியலாளர் ஹோலெவோ 1973-இலேயே நிறுவிவிட்டார். எல்லா விடைகளும் சமமாகக் கலந்திருக்கும் நிலையில் அளந்தால், பகடை உருட்டியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. குவாண்டம் கணினியின் வலிமை விடைகள் கலந்திருப்பதில் இல்லை. ஒவ்வொரு விடைக்கும் அதன் நிகழ்தகவைத் தீர்மானிக்கும் வீச்சு என்ற எண் ஒன்று உண்டு; அது எதிர்மறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதால், தவறான விடைகளின் வீச்சுகளை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்து, சரியான விடையின் வீச்சை மட்டும் வளர்க்க முடிகிறது. வலிமை அங்கேதான் இருக்கிறது. நம் மாணவர்களுக்கு இது புதிதும் அன்று. யங் இரட்டைப் பிளவு ஆய்வைப் படித்த பிளஸ் டூ மாணவருக்கு, ஒரு பிளவை மூடினால் திரையில் இருண்டிருந்த இடத்துக்கு ஒளி வந்துவிடும் என்பது தெரியும். இரண்டு வழிகளும் திறந்திருக்கும்போது இருட்டு, ஒன்றை அடைத்தால் வெளிச்சம் என்னும் இந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்கினால் போதும்.

இப்போது நான் கரும்பலகையில் நான்கு பெட்டிகளை வரைகிறேன். அவற்றுள் ஒன்றில் மட்டும் பொருள் இருக்கிறது. தொடக்கத்தில் நான்கின் வீச்சும் ½. வீச்சின் வர்க்கமே நிகழ்தகவு என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் ¼. முதற்படியாக, சரியான பெட்டியின் வீச்சு மட்டும் −½ ஆக மாறுகிறது. வர்க்கம் மாறவில்லை, ஆகவே இந்த நொடியில் அளந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டாம் படியாக, நான்கு வீச்சுகளின் சராசரியைக் காணச் சொல்கிறேன்: ¼. ஒவ்வொரு வீச்சையும் அந்தச் சராசரியின் மறுபுறம் அதே தொலைவில் திருப்பி வைத்தால், ½ ஆக இருந்த மூன்றும் 0 ஆகின்றன, −½ ஆக இருந்தது 1 ஆகிறது. ஒரே சுற்றில் விடை உறுதியாகிவிட்டது. குரோவர் 1996-இல் கண்ட தேடல் முறையின் மிகச் சிறிய வடிவம் இது. கூட்டல், கழித்தல், சராசரி, வர்க்கம் ஆகியவை தவிர வேறு கணிதம் இதற்குத் தேவையில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிடாமல், இன்னொரு சுற்று போடச் சொல்ல வேண்டும். வீச்சு −1 ஆகிறது, சராசரி −¼, திருப்பி வைத்தால் சரியான பெட்டிக்கு ½, மற்றவற்றுக்கு −½. நிகழ்தகவு எல்லாவற்றுக்கும் மீண்டும் ¼. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று. பத்து லட்சம் பெட்டிகள் இருந்தால் ஏறத்தாழ 785 சுற்றுகளில் விடை கிடைக்கும் (ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் சராசரியாக ஐந்து லட்சம் முறை திறக்க நேரும்), ஆனால் ஆர்வக்கோளாறில் 1570 சுற்றுகள் ஓட்டினால் விடை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சுழியம். எல்லா விடைகளையும் முயன்று பார்க்கும் இயந்திரமாக இருந்தால், கூடுதலாக ஓட்டினால் விடை ஏன் தொலைய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பழைய வாக்கியத்தை அவையில் எவரும் நம்புவதில்லை.

பிற்பகுதியைத் திருத்திய பின்னும் "ஒரே நேரத்தில் இரண்டாகவும்" என்ற முற்பகுதியைக் கைவிட மனம் வராதவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஈசானிய மூலையை நோக்கி நடப்பவரை, வடக்கே ஒருவராகவும் கிழக்கே ஒருவராகவும் நடக்கிறார் என்று நாம் சொல்வதில்லை; அவருக்கென்று ஒரு திசை இருக்கிறது, அதை வடக்குக் கூறு, கிழக்குக் கூறு என்று பிரித்து எழுதுவது நம் வசதி. 45 டிகிரி தளவிளைவு கொண்ட, அதாவது அந்தக் கோணத்தில் அதிரும், போட்டான் என்னும் ஒளித்துகளும் அப்படியே. செங்குத்தா, கிடைமட்டமா என்று கேட்டால் பாதிக்குப் பாதி. 45 டிகிரியா என்று கேட்டால் ஐயமின்றி ஆம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகள் மூன்று இருந்தால் இதன் ஒரு பகுதியை வகுப்பிலேயே காட்டலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு தகடுகள் ஒளியை அடைத்துவிடும். அவற்றுக்கு இடையே மூன்றாவதை 45 டிகிரியில் நுழைத்தால் ஒளி மீண்டும் வரும். இந்தக் காட்சியைப் பழைய அலைக் கொள்கையும் விளக்கிவிடும் என்பதையும், போட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே கணக்கு பொருந்துவதே குவாண்டம் செய்தி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவையில் இருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எவரேனும் சொல்வார்.

இருக்கும் கலைச்சொல்லை விட்டுப் புதியதைத் தேடுதல்

பள்ளிப் பாடநூல்களில் அலைகளுக்கு மேற்பொருந்துதல், குறுக்கீட்டு விளைவு என்ற சொற்கள் ஏற்கெனவே வழக்கில் உள்ளன. குவாண்டம் நிலைகளுக்கும் அதே சொற்களைப் பயன்படுத்தினால், மாணவர் தாம் படித்த அலைப் பாடத்தோடு இதை இணைத்துக்கொள்வார். இதற்கென்று அழகான புதுச்சொல் ஒன்றை ஆக்குபவர், அந்த இணைப்பை அறுத்துவிடுகிறார். இரண்டு துகள்களின் நிலைகள் தனித்தனியே எழுத முடியாதபடி இருப்பதைப் பின்னல் என்றே நான் சொல்கிறேன். "சிக்கல்" என்று சொன்ன ஓர் அரங்கில், அந்தச் சிக்கலை எப்போது தீர்ப்பார்கள் என்று கேட்டார்கள்.

பின்னலைத் தந்தியாக்குதல்

பின்னலைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. இதைச் சொல்ல நேரமில்லை என்றால் பின்னலைப் பற்றியே பேச வேண்டாம்.

தொழில்துறையினரை அச்சுறுத்துதல்

குவாண்டம் கணினிக்கென்று ஷோர் 1994-இல் கண்ட வழிமுறை, இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. மறையாக்கத்தை உடைக்கும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு, வங்கிகள் நாளையே திறந்து கிடக்கும் என்று சொல்வது பொறுப்பற்றது. அது நம் பேரப்பிள்ளைகளின் கவலை என்று தட்டிக்கழிப்பதும் அவ்வாறே. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்க 2 கோடி க்யூபிட்டுகள் வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டவர்களுள் ஒருவரான கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025-இல் அதை 10 லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார். இன்றைய கருவிகள் அந்த எண்ணுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன, ஆனால் எண்தான் கீழே இறங்கி வருகிறது. இன்று திருடிச் சேமித்து வைத்த மறைசெய்தியைப் பின்னாளில் திறக்கலாம் என்பதால், இருபது ஆண்டு இரகசியமாக இருக்க வேண்டிய ஆவணம் வைத்திருப்பவருக்கு இது இன்றைய பிரச்சினை.

இங்கே புதியவர்கள் இன்னொரு குழப்பத்தையும் விதைக்கிறார்கள். பென்னட்டும் பிரசார்டும் 1984-இல் முன்வைத்த குவாண்டம் திறவுகோல் பகிர்வுக்கு, அதாவது மறையாக்கத்துக்கான இரகசிய எண்ணை ஒளித்துகள்கள் வழியே பகிரும் முறைக்கு, தனி ஒளியியல் கருவிகள் வேண்டும். தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம், குவாண்டம் கணினியின் தாக்குதலையும் தாங்கும் நோக்கில் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய மறையாக்கத் தரங்களோ, இன்றைய கணினிகளிலேயே ஓடும் கணித முறைகள். இரண்டையும் "குவாண்டம் பாதுகாப்பு" என்று ஒரே பெயரில் அழைத்தால், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிய நிறுவனம் கருவி வாங்கக் கிளம்பிவிடும். கேட்பவரிடம், தன் நிறுவனத்தில் ஆர்.எஸ்.ஏ. எங்கெங்கே பயன்படுகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். முதல் உரைக்கு அதுவே போதுமான வீட்டுப்பாடம்.

கணினியை மட்டும் பேசுதல்

இந்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு நான்கு மையங்கள் உள்ளன. கணினி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். தகவல் தொடர்பு சென்னை ஐ.ஐ.டி.யில், உணர்விகளும் அளவியலும் மும்பை ஐ.ஐ.டி.யில், பொருள்களும் கருவிகளும் தில்லி ஐ.ஐ.டி.யில். நான்கில் ஒன்றுதான் கணினி. பொதுமக்களிடம் நான் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். சீசியம் அணு உமிழும் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளே ஒரு நொடி என்று 1967-இல் வரையறுத்தார்கள். செயற்கைக்கோள்களில் இத்தகைய அணுக்கடிகாரங்கள் ஓடுவதால்தான் கைபேசி நம் தெருவைக் கண்டுபிடிக்கிறது. குவாண்டம் இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்து வந்தவர்கள், அது தங்கள் சட்டைப்பையில் இருப்பதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

"குவாண்டம்" பதக்கங்களும் தண்ணீரும்

உடலுக்கு நல்லது என்று இந்தப் பெயரில் விற்கப்படும் பொருள்களைப் பற்றிக் கேள்வி நேரத்தில் நிச்சயம் கேட்பார்கள். அவற்றில் குவாண்டம் எதுவும் இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குச் செல்லவும்.

அணிக் கணிதத்துக்கு முன் கருவியைத் தொடச் செய்தல்

ஐ.பி.எம். நிறுவனம் 2016-இல் ஐந்து க்யூபிட் கருவி ஒன்றை இணையத்தில் திறந்து வைத்ததிலிருந்து, மாணவர்களை முதல் நாளே உண்மையான கருவியில் ஓட்டச் செய்வது பெருமையாகிவிட்டது. வரிசையில் காத்திருந்து, பிழைகள் கலந்த விடையைப் பெற்று, அது பிழையா குவாண்டமா என்று பிரித்தறிய முடியாமல் அவர்கள் விழிக்கிறார்கள். என்னிடம் வரும் மாணவர்கள் முதலில் 2×2 அணிகளையும் கலப்பெண்களையும் கையால் பெருக்க வேண்டும். பிறகு மடிக்கணினியிலேயே ஒரு போலி க்யூபிட் நிரலை எழுத வேண்டும். ஒவ்வொரு க்யூபிட்டைக் கூட்டும்போதும் தேவைப்படும் நினைவகம் இரட்டிப்பாகி, 30 க்யூபிட்டுகளின் வீச்சுகளை வைக்கவே 16 ஜிபி வேண்டும் என்ற நிலையில் அந்த மடிக்கணினி திணறி நின்றுவிடும். "சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்று அவர்கள் வந்து நின்ற பிறகுதான், உண்மையான கருவிக்கு நேரம் கேட்கும் விண்ணப்பத்தில் நான் கையெழுத்து இடுகிறேன்.