நானூறு வீடும் சதவீதமும்: கை-வர்க்கச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ட எண்ணிக்கைகள் எதிர்பார்த்த விகிதத்திலிருந்து தற்செயலை மீறி விலகுகின்றனவா என்று பார்ப்பது கை-வர்க்கச் (chi-square) சோதனை. கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடும்ப வகைக் கணக்கெடுத்து அதைப் போடும் புராஜெக்ட் மாணவர்கள் கூட்டலில் தப்புவதில்லை. அதை எக்செல் பார்த்துக்கொள்கிறது. எக்செல் எச்சரிக்காத இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

சதவீதத்தைச் சூத்திரத்தில் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் இது மறுபடி வந்து நிற்கிறது. உதாரணத்துக்கு, ஒப்பிட வேண்டிய விகிதம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: தனியாள் 10%, தம்பதி மட்டும் 15%, பெற்றோரும் பிள்ளைகளும் 50%, கூட்டுக் குடும்பம் 25%. வெயிலில் அலைந்து 400 வீடு எடுத்தாயிற்று. கண்டது 56, 72, 184, 88. அறிக்கை அட்டவணையில் அது 14, 18, 46, 22 சதவீதம் ஆகிறது. அதையே எடுத்துக் கணக்குப் போட்டால் 1.6 + 0.6 + 0.32 + 0.36 = 2.88. டி.எஃப். (degrees of freedom; இங்கே வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3, 5% மட்டத்தில் எல்லை 7.815; மதிப்பு இதைத் தாண்டினால்தான் வித்தியாசம் என்று கொள்வார்கள். “வித்தியாசம் இல்லை” என்று எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள்.

வித்தியாசம் இருக்கிறது. 400ஐ விகிதத்தால் பெருக்கினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 40, 60, 200, 100. கண்டதிலிருந்து இதைக் கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்தால் 6.4 + 2.4 + 1.28 + 1.44 = 11.52. பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு, ஏறத்தாழ 0.009. 11.52இல் பாதிக்கு மேல் தனியாள் வீடுகளிலிருந்தே வருகிறது; எழுத வேண்டிய செய்தியே அதுதான்.

சதவீதம் கொடுத்தால், எடுத்தது 100 வீடு என்றே சோதனை எண்ணிக்கொள்ளும். 400 வீட்டின் உழைப்பில் முக்கால் பங்கு வீண். 40 வீடு மட்டும் எடுத்தவருக்கோ நேர்மாறு: 1.15 வர வேண்டிய இடத்தில் அதே 2.88, இல்லாத வலுவோடு.

ஆளை எண்ணுவது

வீட்டை எண்ணுங்கள். ஒரே சமையலறையில் உண்போர் ஒரு குடும்பம் என்பது சென்சஸ் வரையறை. மாடியில் மகனுக்குத் தனி அடுப்பு என்றால் இரண்டு குடும்பம்.

பொள்ளாச்சியை அளவுகோலாக்குவது

மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் 400, அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் 400 எடுத்து, ஒன்றை “எதிர்பார்த்தது” என்று வைக்கிறார்கள். இரண்டுமே மாதிரிகள், இரண்டிலும் தற்செயல் ஏற்ற இறக்கம் உண்டு. மதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கிவிடும். இரண்டு ஊர், நான்கு வகை என்று 2×4 அட்டவணை போட்டு, இரண்டின் விகிதமும் ஒன்றா என்று பார்க்கும் ஒருபடித்தான தன்மைக்கான சோதனை செய்ய வேண்டும். அதிலும் டி.எஃப். 3தான், அதனாலேயே தவறு கண்ணில் படுவதில்லை.

ஒரே லயம்

மூணாறு எஸ்டேட்டில் ஒரு லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீடுகளை மட்டும் எடுத்தால் அவை ஒன்றுக்கொன்று சார்பற்றவை அல்ல; சோதனைக்கோ சார்பற்ற வீடுகள்தான் வேண்டும்.

5க்குக் கீழ்

எதிர்பார்த்த எண்ணிக்கை 5க்குக் குறைந்தால் அடுத்த வகையோடு சேருங்கள். தனியாளையும் தம்பதியையும் சேர்க்கலாம். டி.எஃப். 2 ஆகும், எல்லை 5.991.