கோயிலை ஆட்சி மன்றமாக்கும்போது கேம் மாஸ்டர்கள் செய்யும் தவறுகள்

தலைநகரின் நடுவில் பிரம்மாண்டமான ஒரு பழைய கோயில். சாமி போய்விட்டது, இப்போது அங்கே ஆட்சி மன்றம் நடக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் விளையாட்டுகளுக்கு உலகம் உருவாக்கி ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர்கள் ஒரு முறையாவது இந்தக் கட்டடத்தை வரைந்திருப்பார்கள். பெரும்பாலான மேப்களில் சிலை இருந்த இடத்தில் ஒரு சிம்மாசனம் இருக்கும், தூணில் கொடி தொங்கும், வாசலில் இரண்டு காவலர்கள் நிற்பார்கள். அவ்வளவுதான். விளையாட வருகிறவர்களுக்கு அது இன்னொரு அரண்மனை, வேறொன்றும் இல்லை.

கோளாறு அடிப்படையிலேயே தொடங்குகிறது. அது எந்த மாதிரிக் கோயில் என்று முடிவு செய்யாமலே மன்றத்தை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள். கிரேக்க, ரோமானியக் கோயில்கள் தெய்வம் குடியிருக்கக் கட்டியவை. உள்ளறையில் சிலையும் காணிக்கைப் பொருட்களும் இருக்கும்; பலிபீடம் வெளியே, கூட்டமும் வெளியே. நம் கோயில்களிலும் கருவறைக்குள் நாலு பேர் நிற்பதே கஷ்டம், ஜனம் சேர்வதெல்லாம் மண்டபத்திலும் பிரகாரத்திலும்தான். மசூதியும் தேவாலயமும் வேறு வகை. ஆட்கள் கூட்டமாக உள்ளே வந்து நிற்பதற்காகவே கட்டப்பட்டவை. உங்கள் கோயில் முதல் வகை என்றால் முந்நூறு பேர் மன்றத்தைக் கருவறையில் நடத்த முடியாது. அந்த அறைக்குப் பொருத்தமானது கஜானா அல்லது ஆவணக் காப்பறை. ரோமில் வழிபாடு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அரசுக் கருவூலம் சாட்டர்ன் கோயிலில்தான் இருந்தது. அதனால் கோயில் அரசுக் கட்டடமாக மாறிய நாள் என்று ஒரே ஒரு நாளைக் குறித்து வைப்பதும் கொஞ்சம் அவசரம்தான்.

அடுத்ததுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. கட்டடத்தை அரசு மாற்றுகிறது என்று மட்டும் யோசிக்கிறோம், கட்டடம் அரசை என்ன செய்கிறது என்று யோசிப்பதில்லை. இதற்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே அரண்மனைக்குள் செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயம் இருந்தது. ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த மாதிரி சமய அமைப்புகள் கலைக்கப்பட, இடம் காலியாயிற்று. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவை அங்கே குடியேறியது. பாடகர் குழு உட்கார இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்கைகள் போட்டிருந்தார்கள். உறுப்பினர்கள் அப்படியே அதில் உட்கார்ந்தார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் சபாநாயகர் நாற்காலி வந்தது. உறுப்பினர்கள் அந்த நாற்காலியை நோக்கித் தலை வணங்கும் வழக்கம் பலிபீடத்துக்குச் செய்த வணக்கத்தின் மிச்சம் என்று சொல்வார்கள். ஓட்டெடுப்பு வந்தால் ஒரு தரப்பு உள்ளேயே இருக்கும், மற்றத் தரப்பு எழுந்து தேவாலயத்தின் முன்கூடத்துக்குப் போகும். போனவர்களையும் இருந்தவர்களையும் எண்ணி முடிவு சொல்வார்கள்.

அந்தத் தேவாலயம் இப்போது இல்லை. ஆனாலும் இன்றைய மக்களவையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர்தான் உட்காருகின்றன. 1941இல் குண்டுவீச்சில் அவை அழிந்தபோது வட்டமாகவோ பெரியதாகவோ கட்டியிருக்கலாம். கட்டவில்லை, பழைய வடிவத்திலேயே கட்டினார்கள். 650 உறுப்பினர்களுக்கு 427 இருக்கைதான், முக்கியமான நாளில் மீதிப் பேர் நிற்க வேண்டியதுதான். பாடகர் குழுவின் பெஞ்சு ஒரு நாட்டின் விவாத முறைக்கே அச்சாகிவிட்டது!

இதை உங்கள் உலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வட்டமான கோயில் என்றால் மன்றத்தில் யார் தலைமை என்ற சண்டை எப்போதும் ஓடும். மூன்று தெய்வங்களுக்கு மூன்று சன்னதி இருந்தால் மூன்று கட்சிகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பாதாள அறைக்கு வெளிச்சம் வராது என்பதால் வரி அலுவலகத்துக்காரர்கள் வருடம் முழுக்க எண்ணெய்ச் செலவுக்கு மனுப் போடலாம். எதிரொலியையும் மறந்துவிடாதீர்கள். 1848இல் ஜெர்மன் தேசிய சபை பிராங்க்ஃபர்ட்டின் பால்ஸ்கிர்ஹ தேவாலயத்தில் கூடியபோது ஆர்கன் வாத்தியத்துக்கு முன்னால், ஜெர்மனியை ஒரு பெண்ணாகக் காட்டும் கெர்மானியா ஓவியத்தைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை மறைத்துவிடலாம், காதுக்கு என்ன செய்வது? பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்பது அங்கே நிரந்தரப் பிரச்சினை.

சரி, ஏன் மாற்றினார்கள்? "கொடுங்கோலன் கைப்பற்றினான்" என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். வரலாற்றில் இதற்குப் பின்னால் பெரும்பாலும் பணம் நிற்கும். 1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது, கஜானா காலியாக இருந்ததால். கோயில் என்றால் நிலம், நகை, குத்தகை, கடன், சம்பளப் பட்டியல் எல்லாம் சேர்ந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டவைத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். நகைகளின் எடை, எந்த ஊர் எவ்வளவு நெல் தர வேண்டும், ஆடல் மகளிர் நானூறு பேருக்கு எந்தெந்த வீடு என்று கணக்குப் புத்தகமே சுவரில் இருக்கிறது. அப்படி ஒரு கட்டடத்தை உங்கள் அரசு எடுத்துக்கொண்டால் அந்தச் சுவர்கள் பத்திரங்கள் ஆகிவிடும். ஒரு கல்லைப் பெயர்த்தால் ஒரு கிராமத்தின் நில உரிமை போகும். விளையாடுகிறவர்கள் தேடிப்போய் முடிக்க இதைவிட நல்ல குவெஸ்ட் எங்கே கிடைக்கும்?

நம் வரலாற்றுக்கு இல்லாத ஒரு சிக்கல் கற்பனை உலகத்துக்கு உண்டு. அங்கே தெய்வம் பதில் சொல்லும். இதை மறந்துவிட்டு, பூசாரிகளைத் துரத்தியதும் கோயிலின் சக்தியும் போய்விட்டதாக எழுதுகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், ஒரு இடத்தைப் புனிதமாக்கும் 'ஹாலோ' மந்திரத்தைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஓத வேண்டும், ஆயிரம் பொன் மதிப்புள்ள பொருள் செலவாகும், 60 அடி ஆரம் வரை பிடிக்கும். யாராவது முறிக்கும் வரை அது அங்கேயே நிற்கும். அந்த எல்லைக்குள் பிசாசும் நடைபிணமும் மட்டுமில்லை, தேவதூதர்களும் நுழைய முடியாது. கூடவே இன்னொரு விளைவையும் இணைக்கலாம். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாமலே பேசிப் புரிந்துகொள்ளலாம் என்பது அதில் ஒன்று. உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் செய்வது இன்னொன்று. இப்போது காரணம் தானாக வந்துவிடுகிறது. எல்ஃப், டுவார்ஃப், ஆர்க் என்று வேறு வேறு மொழி பேசும் இனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் அரசு வேறு எந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கும்? 60 அடிக்கு வெளியே இருக்கும் கடைசி வரிசை உறுப்பினருக்கு மட்டும் ஒன்றும் புரியாது. அந்த வரிசையில் யாரை உட்கார வைப்பது என்பதே ஒரு அரசியல்.

பக்தர்கள் மறைந்துவிட்டதாகக் காட்டுவதும் வழக்கமான பிழை. வரி கட்ட வந்த பாட்டி படியைத் தொட்டுக் கும்பிடுவாள். காவலாளி காசு வாங்கிக்கொண்டு விடியற்காலையில் பின்வாசலைத் திறந்துவிடுவான். கதையில் இப்படி இரண்டு வாக்கியம் போதும், இதற்குமேல் நீட்ட வேண்டாம்.

படம் வரைகிறவர்களுக்கு ஒன்று. சுத்தமான மாற்றம் என்று எதுவும் இல்லை. ரோமில் ஹேட்ரியன் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் அரசு சுங்கச் சாவடியாக்கியது. தூண்களை இடிக்கவில்லை, தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். பதினொரு தூண்கள் இன்றும் அலுவலகச் சுவரில் பாதி புதைந்தபடி நிற்கின்றன. மேப்பில் பழைய சுவருக்கு ஒரு நிறம், புதிய சுவருக்கு வேறு நிறம் கொடுங்கள்.

அப்புறம் அந்த நிலவறை. தயவுசெய்து அங்கே ரகசிய வழிபாட்டுக் கும்பலை வைக்காதீர்கள், எல்லா கேம்பெயினிலும், அதாவது தொடர் ஆட்டக் கதையிலும், அது இருக்கிறது. அரசு அலுவலகத்தின் ஆபத்து அலுவலகப் பொருளிலிருந்தே வரட்டும். ஏதென்ஸின் பார்த்தினான் 1687இல் சிதறியதற்குக் காரணம், ஒட்டோமான் படை அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்ததும் வெனிஸ் படையின் குண்டு அதன்மேல் விழுந்ததும்தான். செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயம் போனதும் அப்படித்தான். 1834 அக்டோபர் 16 அன்று, கருவூலத்தில் பயனற்றுக் கிடந்த பழைய கணக்குக் குச்சிகளை, அதாவது கீறல் போட்டுக் கணக்கு வைத்த மரக்குச்சிகளை, பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி தாங்கவில்லை, அரண்மனையில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அன்று பிற்பகல் அவையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குச் செருப்பைத் தாண்டித் தரை சுட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் ஆட்டத்திலும் "தரை சுடுகிறது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் பிசாசைத் தேடிப் போவார்கள், கீழே என்ன எரிகிறது என்று போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.