கருத்தடைக்குப் பின் பெண் நாய்க்குச் சிறுநீர் கசிந்தால்

கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களிலோ, சில ஆண்டுகள் கழித்தோ, உறங்கி எழுந்த நாயின் படுக்கையில் ஈரம் தென்பட்டால், அதை அடம் என்று எண்ணித் திட்ட வேண்டாம். தான் கசிவதையே அது பெரும்பாலும் உணர்வதில்லை. சினைப்பைகள் அகற்றப்பட்டதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடுகிறது. பாக்ஸர், டாபர்மேன் போன்ற பெரிய இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

முதலில் ஒரு வாரம் குறிப்பெடுங்கள்: கசிவது படுத்திருக்கும்போதா, நடக்கும்போதா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறதா என்பவை மருத்துவருக்குப் பெரிதும் உதவும். காலைச் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, தாமதமின்றிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஏனெனில் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு ஆகியவையும் இப்படியே தோன்றலாம். குட்டிப் பருவத்திலிருந்தே கசிவு இருந்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறப்பதும் காரணமாகலாம்.

வேறு நோய் இல்லையென்று உறுதியானால், தசையை இறுக்கும் பினைல்புரோபனோலமைன் அல்லது ஈஸ்ட்ரியால் மருந்தை மருத்துவர் தரக்கூடும். பெரும்பாலான நாய்கள் இவற்றால் நன்கு தேறுகின்றன. முன்னது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதால் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

தண்ணீரைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. உறங்குமுன் வெளியே அழைத்துச் செல்வதும், உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும், நனைந்த தோலைக் கழுவித் துடைப்பதும் போதும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.