சப்மிட் அழுத்தியதும் கிளம்பிவிடாதீர்கள்: வீட்டா மையங்களில் ஈ-ஃபைல் ஏன் திரும்பி வருகிறது?

பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் பாதி வரை, சனிக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தின் பின்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து மற்றவர்களுக்கு இலவசமாக டாக்ஸ் ஃபைல் செய்து கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அமெரிக்காவில் இதற்கு வீட்டா என்று பெயர். ஐ.ஆர்.எஸ். என்கிற அமெரிக்க வரித்துறையின் ஆதரவில் நடக்கும் திட்டம். ஒவ்வொரு வருடமும் பரீட்சை எழுதித் தேறினால்தான் எங்களை உட்கார விடுவார்கள். 2025 சீசனில் ஏறக்குறைய 67,000 டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்கு என்று வரம்பு சொன்னார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு டி.சி.இ. என்று தனித் திட்டமும் இருக்கிறது.

இத்தனை சனிக்கிழமைகளில் நான் பார்த்தவரை, கணக்குத் தப்பாகி, மின்வழியில் அனுப்பிய ரிட்டர்ன் ஏற்கப்படாமல் திரும்பி வருவது அபூர்வம். கூட்டல் கழித்தலை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். திரும்பி வருவதெல்லாம் பெரும்பாலும் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், பின் நம்பர் (PIN) இந்த மூன்றில் ஏதோ ஒன்றால்தான். அதுவும் நம்மவர்கள் வந்து உட்கார்ந்தால் பெயரில் தொடங்கிவிடும் வம்பு.

முத்துக்குமார், அப்பா பெயர் பழனிசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரில் பி. முத்துக்குமார். பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் கட்டத்தை காலியாக விட்டு, பெயர்க் கட்டத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார். அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வந்தது, அதாவது முதல் பெயர் தெரியாது என்று. அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு விதம், டிரைவிங் லைசென்ஸில் இன்னொரு விதம், கம்பெனி கொடுக்கும் வருடச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தில் மூன்றாவது விதம். மூன்றும் அவர்தான். ஆனால் ஐ.ஆர்.எஸ். கம்ப்யூட்டருக்கு அவர் யார் என்பது நான்கே எழுத்துகளில் இருக்கிறது: சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உள்ள கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்து. அங்கே பழனிசாமி கடைசிப் பெயராக இருந்தால் பி-ஏ-எல்-ஏ. டபிள்யூ-2-வைப் பார்த்து நாங்கள் முத்துக்குமாரைக் கடைசிப் பெயராக அடித்தால் எம்-யு-டி-எச். எண் சரி, பிறந்த தேதி சரி, வருமானம் சரி, ஆனாலும் அடுத்த நாள் ஆர்0000-500-01 என்ற எர்ரர் கோடோடு ரிட்டர்ன் திரும்பி வந்திருக்கும். மனைவியின் பெயரில் சிக்கல் என்றால் 503-02, குழந்தை என்றால் 504-02.

அதனால் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். நம்பர் மனப்பாடமாகத் தெரியும் என்பது போதாது. எங்களுக்கு வேண்டியது அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது. புது அட்டைகளில் கடைசிப் பெயர் தனியாக அடுத்த வரியில் இருக்கும், பார்த்தவுடன் விளங்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துக் கணவர் பெயரைப் போட்டுக்கொண்ட பெண்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மாற்றினோமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மாற்றவில்லையென்றால் இந்த வருடம் பழைய பெயரிலேயே ஃபைல் செய்யலாம், குற்றமில்லை. பெயர் மாற்றத்தை அப்புறம் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் வேடிக்கை. அப்பா முத்துக்குமார் பழனிசாமி. இங்கே பிறந்த பெண்ணின் கடைசிப் பெயர் முத்துக்குமார். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார வாலண்டியர் தாத்தாவுக்கு அப்பாவின் கடைசிப் பெயர்தான் பிள்ளைக்கும் என்று கை தானாகப் பழகியிருக்கும், பழனிசாமி என்று அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் நாமே படித்துப் பார்க்க வேண்டும். கூச்சப்படாதீர்கள், நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அடுத்து, பின். இங்கே இரண்டு பின் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் பின் 5 இலக்கம், அதை மேஜையிலேயே முடிவு செய்துகொள்ளலாம். இன்னொன்று ஐ.பி. பின், 6 இலக்கம். உங்கள் எண்ணை வேறு யாரும் திருடி ஃபைல் செய்துவிடாமல் இருக்க ஐ.ஆர்.எஸ். கொடுப்பது. இது வருடாவருடம் மாறும். 2021-லிருந்து விரும்பியவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனதால் பலர் எப்போதோ பதிவு செய்துவிட்டு மறந்தே போகிறார்கள். பதிவு செய்தவர்களின் ரிட்டர்ன் அந்த எண் இல்லாமல் போனாலும், போன வருட எண்ணோடு போனாலும் திரும்பி வரும். ஜனவரி வாக்கில் சிலருக்கு சி.பி.01ஏ என்ற கடிதம் வரும்; கடிதமே வராவிட்டாலும், விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தாலும் ஐ.ஆர்.எஸ். ஆன்லைன் கணக்கில் நுழைந்து எடுக்கலாம், ஆனால் அதை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள். நூலக வைஃபையில் செல்ஃபி எடுத்து அடையாளம் நிரூபிக்க முக்கால் மணிநேரம் போராடியவரை நான் பார்த்திருக்கிறேன், பின்னால் வரிசை வாசல் வரை நின்றது.

போன வருட ஏ.ஜி.ஐ. தொகையை (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) தேடி அலைபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாலண்டியர் தயாரித்துக் கொடுக்கும் ரிட்டர்னுக்கு அது தேவையில்லை. நீங்களாகவே கம்ப்யூட்டரில் செய்துகொள்ள, நாங்கள் பக்கத்தில் நின்று உதவும் மேஜைகள் சில மையங்களில் உண்டு, அங்கேதான் கேட்கும். ஆனாலும் போன வருட ரிட்டர்ன் காப்பியைக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

டிபெண்டண்ட், அதாவது நம் செலவில் இருப்பவராக ரிட்டர்னில் காட்டும் ஆள், அந்தச் சண்டைக்கு வருவோம். கிரீன் கார்டில் வந்து இங்கேயே இருக்கும் அம்மாவை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ரிட்டர்னில் காட்டிவிடுவார்கள். முதலில் அனுப்பியவருடையது உள்ளே போய்விடும், இரண்டாமவருடையது திரும்பி வரும், அன்றைக்கு ராத்திரி குடும்பத்தில் ஒரு போன் கால் நடக்கும். முன்பெல்லாம் இரண்டாமவர் காகிதத்தில்தான் அனுப்ப வேண்டும். 2025 சீசனிலிருந்து, அந்த இரண்டாவது ரிட்டர்னில் முதல் பெயராக இருப்பவர் தன் ஐ.பி. பின்னைச் சேர்த்து அனுப்பினால் மின்வழியிலேயே ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்றுக்கொள்வதால் அவர் பக்கம்தான் நியாயம் என்று அர்த்தமில்லை, யாருக்கு உரிமை என்பதை ஐ.ஆர்.எஸ். பிறகு கடிதம் போட்டுக் கேட்கும். கல்லூரிக்குப் போகும் பையன் பகுதிநேர வேலைக்கு அவனாகவே போனில் ஃபைல் செய்யும்போது, என்னை வேறொருவர் டிபெண்டண்டாகக் காட்டலாம் என்ற கட்டத்தில் டிக் போடாமல் விடுவதும் இதே வகைத் தலைவலிதான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே, அவர்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வாராவாரம் வரும். முடியாது. அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர்களாக இருக்க வேண்டும். கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களுக்குச் சலுகை உண்டு, மதுரைக்கு இல்லை.

கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து வரும் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் முதல் வருடம் ஈ-ஃபைல் கிடையாது. டபிள்யூ-7 விண்ணப்பத்தை ரிட்டர்னோடு சேர்த்துக் காகிதமாக அனுப்பி ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணை வாங்க வேண்டும். எண் வருவதற்கு முன்னால் எதையாவது நிரப்பி அனுப்பலாமா என்று கேட்காதீர்கள்.

எஃப்-1 என்ற படிப்பு விசாவில் வந்த மாணவர்கள் விஷயம்தான் என்னை அதிகம் பயமுறுத்துவது, ஏனென்றால் இந்தத் தவறு திரும்பி வராது. வந்து முதல் 5 காலண்டர் வருடங்களுக்கு அவர்கள் பொதுவாக நான்-ரெசிடெண்ட், அதாவது வரிச் சட்டப்படி இங்கே வசிக்காதவர்கள். அவர்களுக்கான படிவம் 1040-என்ஆர், கூடவே 8843. நண்பன் செய்தானே என்று சாதாரண 1040 போட்டு அனுப்பினால் கம்ப்யூட்டர் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும், அக்செப்டட் என்று பதிலும் வரும். தகுதியில்லாத கல்விச் சலுகையும் சேர்ந்து ரீஃபண்டாக வந்திருக்கும், பின்னொரு நாள் கிரீன் கார்டு போடும்போது தூக்கம் போய்விடும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கழிக்கும் தொகை) எடுக்கும் வசதி இருக்கிறது, பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒன்று, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் எல்லா வீட்டா மையத்திலும் இதைச் செய்ய முடியாது, வெளிநாட்டு மாணவர்களுக்கான தனிப் பரீட்சை தேறிய வாலண்டியர் வேண்டும். நாள் குறிக்கும்போதே விசா வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

வாடகை வருமானம், இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் இதெல்லாம் எங்கள் எல்லைக்கு வெளியே. இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் சொல்ல வேண்டாம் என்று நினைத்து மறைக்காதீர்கள், ரெசிடெண்ட் என்றால் சொல்லியே ஆக வேண்டும்.

மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் 1095-ஏ படிவத்தை மறந்தால் ரிட்டர்ன் பொதுவாகத் திரும்பும், ஏனென்றால் உங்களுக்கு மானியம் போனது ஐ.ஆர்.எஸ்.-க்கு ஏற்கெனவே தெரியும். மானியக் கணக்கைக் காட்டும் 8962 படிவம் எங்கே என்று கேட்கும்.

வங்கி எண்ணில் நடக்கும் தப்புக்குப் பெரும்பாலும் ரிஜெக்ட் கூட வராது, அதனால்தான் அது மோசம். டெபிட் கார்டின் முகத்தில் இருக்கும் 16 இலக்கம் அக்கவுண்ட் எண் இல்லை. ரவுட்டிங் எண் 9 இலக்கம், ஆனால் சில வங்கிகளில் வயர் அனுப்ப ஒன்றும் டைரக்ட் டெபாசிட்டுக்கு ஒன்றும் வேறுவேறு. டெபாசிட் ஸ்லிப்பில் இருப்பதை நம்பாதீர்கள். ஒரு செக் இலையோ வங்கி ஆப்பில் டைரக்ட் டெபாசிட் பக்கமோ காட்டினால் போதும். ஓர் இலக்கம் மாறி அது வேறொருவர் கணக்காக அமைந்துவிட்டால், அவர் வங்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஐ.ஆர்.எஸ். கட்டாயப்படுத்த முடியாது. ரீஃபண்டுக்கு அனுப்பும் காகித செக்கையும் 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு படிப்படியாக நிறுத்துகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் இன்னொரு வாலண்டியர் முதலிலிருந்து சரிபார்ப்பார். அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் பார்க்கிங் ஞாபகம் வரும். தயவுசெய்து உட்காருங்கள். கடைசியில் 8879 என்ற படிவத்தில் கையெழுத்து. அது இல்லாமல் நாங்கள் அனுப்பக் கூடாது. கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால் இருவரும் போட வேண்டும், அவளுக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன் என்று பேனாவை எடுக்கும் அண்ணன்மார்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுக்கிறேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் மையம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காசு கேட்டாலும் அப்படியே.

இப்போது சப்மிட். சாதாரணமாக 24 முதல் 48 மணிநேரத்துக்குள் பதில் வரும். ரிஜெக்ட் என்றால் 5 நாட்களுக்குள் திருத்தி மறுபடி அனுப்பினால் முதலில் அனுப்பிய தேதியே கணக்கு. ஏப்ரல் 15 அன்று அனுப்பியது திரும்பினாலும் 20 வரை மூச்சு விடலாம். அதற்குள் முடியாவிட்டால் காகிதம்தான், ரிஜெக்ட் ஆன நாளிலிருந்து 10 நாள். மாநில ரிட்டர்னுக்குப் பதில் தனியாக வரும், அதையும் கேளுங்கள். கட்ட வேண்டிய தொகை இருந்தால் ஃபைல் செய்ததோடு கட்டியதாக ஆகாது, வங்கியிலிருந்து எடுக்கத் தேதி கொடுத்தோமா என்று பாருங்கள். ரீஃபண்ட் 21 நாளில் வரவில்லை என்று பதறி வேறொரு மையத்தில் போய் இன்னொரு முறை ஃபைல் செய்வது எல்லாவற்றையும் விட மோசம்.

ரிஜெக்ட் ஆனால் நாங்கள் போன் செய்வோம். ஆனால் தெரியாத நம்பரை இங்கே யாரும் எடுப்பதில்லை, நானும்தான் எடுப்பதில்லை. இரண்டு சீசனுக்கு முன் ஒருவரை நான்கு நாள் விடாமல் கூப்பிட்டோம், வாய்ஸ்மெயில் நிரம்பியிருந்தது, மகளின் கடைசிப் பெயர் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது, ஜூன் மாதம் ரீஃபண்ட் எங்கே என்று கேட்டு வந்தார், மையம் மூடியிருந்தது. அதற்கப்புறம் கிளம்புகிறவர்களை நிறுத்தி, மையத்தின் நம்பரை என் கண்ணெதிரிலேயே போனில் சேமிக்கச் சொல்கிறேன். போன மார்ச்சில் ஒரு பையன் ‘டாக்ஸ் அங்கிள்’ என்று சேமித்தான். எனக்கு வயது 38.