ரெண்டு பல் காளையும் வெள்ளை ஜெர்சியும்: இளம் சைக்கிள் வீரர்களை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி

அணைக்கட்டுப் பக்கம் எருது விடும் விழாவுக்கு என் மாமாவுடன் போனால், அவர் பரிசு அறிவிக்கும் மைக் பக்கமே திரும்ப மாட்டார். எத்தனை நொடி, எத்தனை நொடி என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நிற்பார். கோடு தாண்டியதும் காளை நுரை தள்ளி நின்றுவிட்டதா, இல்லை இன்னொரு தெரு ஓடுகிற மூச்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிடித்துக் கட்டிய பிறகு பல் பார்ப்பார். ரெண்டு பல் காளை, பன்னிரண்டாவது இடம்தான் வந்தது, ஆனால் மூச்சு நிற்கவில்லை என்றால் அடுத்த வருஷத்துக்கு அவர் மனசில் வைத்துக்கொள்வது அதைத்தான். வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பிய சைக்கிள் பந்தயத்தில் யார் வரப்போகிறார்கள் என்று பார்க்க நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

ஜூலையில் பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் மட்டும் பார்க்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: அதைப் பலமுறை ஜெயித்த ஸ்லோவேனியாவின் போகாச்சார் மாதிரி அடுத்த ஆள் யார்? ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம், அடுத்த வருஷம் மறுபடியும் கேட்பீர்கள். நீங்களே பார்த்துப் பிடிப்பதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் பல் பார்க்கிற வேலை, அதாவது வயது. 17, 18 வயது ஜூனியர், 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு. பிறந்த வருஷத்தை வைத்துத்தான் கணக்கு, மாதம் பார்ப்பதில்லை. டூரில் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சி 1975ல் வந்தது. இப்போது பந்தயம் நடக்கிற வருஷத்துக்குள் 26 ஆகாதவர்கள் எல்லோரும் அதற்குத் தகுதி. பெண்கள் டூரில் வரம்பு 23க்குக் கீழே. ஆனால் வெள்ளை ஜெர்சியைப் பார்த்து இளம் வீரரைத் தேடுவது, சந்தை முடிந்த பிறகு மாடு வாங்கப் போவது மாதிரி. போகாச்சார் 2020 முதல் 2023 வரை நான்கு முறை அதை வாங்கினார், முதல் முறை வாங்கியபோதே மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தவருக்கான மஞ்சள் ஜெர்சியும் அவருடையது. 22வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பாரிஸில் டூர் ஜெயித்தவர் அவர். அதனால் இரண்டு படி கீழே இறங்கித் தேட வேண்டும்.

அந்தப் படிகளில் முக்கியமானது டூர் டி லாவெனிர். 1961ல் தொடங்கியது, ஆகஸ்ட் கடைசியில் பிரான்ஸில் நடப்பது, இன்று 23 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. 2017ல் ஜெயித்த கொலம்பியாவின் எகன் பெர்னால் 2019ல் டூரை ஜெயித்தார், 2018ல் ஜெயித்தவர் போகாச்சார். 2023ல் மெக்சிகோவின் இசாக் டெல் டோரோ, 2024ல் பிரிட்டனின் ஜோசப் பிளாக்மோர், 2025ல் பிரான்ஸின் பால் செய்ஷாஸ், அவருக்கு அப்போது வயது 18. அடுத்தது ஜூனில் இத்தாலியில் நடக்கும் ஜிரோ நெக்ஸ்ட் ஜென், முன்பு பேபி ஜிரோ என்பார்கள். அப்புறம் செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் பந்தயங்கள். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாப் பந்தயத்தையும் பார்க்க நமக்கு நேரமும் இல்லை, பெரும்பாலானவற்றுக்கு ஒளிபரப்பும் சரியாக இருக்காது. முடிவுப் பட்டியல் புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் தளத்தில் அன்றே வந்துவிடும், வீரரின் பெயரைத் தட்டினால் பிறந்த தேதியில் இருந்து பழைய பந்தயம் வரை எல்லாம் இருக்கும்.

பட்டியல் கையில் வந்ததும்தான் உண்மையான வேலை. எத்தனையாவது இடம் என்பதை முதலில் பார்க்காதீர்கள். எப்படி வந்தார், அன்று அணியில் அவருக்கு என்ன வேலை, கூட யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பெரிய அணியில் சேர்ந்த பையனுக்கு முதல் வருஷம் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், காற்றுக்கு மறைப்பாக முன்னால் நின்று இழுப்பதும்தான் வேலை. அவன் 90வது இடம் வந்திருப்பான். ஆனால் கடைசி மலையின் அடிவாரம் வரை கூட்டத்தின் முன்னால் இருந்து இழுத்துவிட்டு, வேலை முடிந்ததும் விலகி வந்த 90வது இடம் வேறு, நடுவழியிலேயே கழன்று விழுந்த 90வது இடம் வேறு. இரண்டும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க கடைசி 30 கிலோமீட்டரையாவது வீடியோவில் பார்த்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது.

பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் சின்ன வயதில் அங்குள்ள ஆண்டர்லெக்ட் கால்பந்து அணியின் இளையோர் பிரிவில் கால்பந்து ஆடியவர். 2018ல் இன்ஸ்ப்ரூக்கில் ஜூனியர் உலகப் பட்டம் வாங்கினார், அன்றைக்கு வழியில் ஒரு விபத்தில் மாட்டிப் பின்தங்கி, மறுபடி துரத்திப் பிடித்து, அப்புறம் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக வந்து சேர்ந்தார். ஜெயித்ததைவிட அந்தத் துரத்தல்தான் சேதி. அடுத்த வருஷமே 23 வயதுக்குட்பட்டோர் பிரிவைத் தாண்டி நேராகப் பெரிய அணிக்குப் போய், 19 வயதில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் ஒருநாள் பந்தயத்தை ஜெயித்தார். இப்போது இப்படி நேராகத் தாவுகிறவர்கள் அதிகம். அதற்கு ஒரு காரணத்தை நான் கியரிலும் பார்க்கிறேன். 2022 வரை ஜூனியர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 7.93 மீட்டருக்கு மேல் போகிற கியர் கூடாது. 2023ல் அதை எடுத்துவிட்டார்கள், பையன்கள் 17 வயதிலேயே பெரியவர்கள் மிதிக்கும் கியரை மிதித்துப் பழகுகிறார்கள்.

ஒரே வகைப் பந்தயத்தில் ஜெயிப்பவரைவிட, சம்பந்தமே இல்லாத இரண்டு வகையில் ஜெயிப்பவரை நான் கூடுதலாகக் கவனிப்பேன். ஸ்லோவேனியாவின் யாகோப் ஓம்ர்ஸெல் 2024ல் ஜூனியர் பாரிஸ்-ரூபே ஜெயித்தார், அது கருங்கல் பாவிய ரோட்டில் உடம்பு குலுங்கக் குலுங்க ஓட்டுவது. அடுத்த வருஷம் ஜிரோ நெக்ஸ்ட் ஜென், அது மலை. இரண்டுக்கும் ஒரே கால் போதாது.

மூன்று வாரப் பந்தயம் என்றால் மூன்றாவது வாரத்தைப் பாருங்கள். இளம் உடம்பு முதல் பத்து நாள் யாருக்கும் ஈடுகொடுக்கும், அதற்கு மேல்தான் சோதனை. ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் 2019ல் போகாச்சார் மூன்று கட்டங்களை, அதாவது மூன்று நாள் ஓட்டங்களை, ஜெயித்தார். அதில் எனக்கு முக்கியம் கடைசிக்கு முந்தைய நாளில் தனியாகப் பிரிந்துபோய் ஜெயித்து, மொத்தத்தில் மூன்றாவது இடத்துக்கு ஏறியது. மூன்று வாரப் பந்தயத்தில் அவர் இறங்கியதே அதுதான் முதல் முறை, இருபதாவது கட்டம், வயது இருபது. மாமா பார்த்திருந்தால் அன்றே பேரம் பேசியிருப்பார்.

தோற்ற நாளையும் அதே கண்ணோடு பார்க்கணும். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் 2025ல் டெல் டோரோ 11 நாள், முன்னணியில் இருப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி போட்டிருந்தார், வயது 21. கடைசிக்கு முந்தைய நாள் கோலே டெல்லே ஃபினெஸ்த்ரே மலையில் அவரும் ஈக்வடாரின் கராபாஸும் நீ முன்னால் இழு, நீ இழு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பிரிட்டனின் சைமன் யேட்ஸ் முன்னால் போய் மொத்தப் பந்தயத்தையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் என் நண்பர்கள் எல்லோரும் பையனைத் திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டு நியாயமாகப் படவில்லை. காலில் வலு இல்லாமல் கழன்று விழவில்லை அவர், கராபாஸின் சக்கரத்தைக் கடைசிவரை விடவே இல்லை. தவறியது கணக்கு. 21 வயதில் கணக்கு தவறினால் 23ல் சரியாகும், காலில் வலு இல்லாவிட்டால்தான் கவலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிவியில் ஒருவருடைய உடம்பை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களை நான் ஏலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், எங்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். பொன்னேரியில் இருந்து மேலே போகிற ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும் என்று விடியற்காலையிலேயே அடிவாரத்தில் இருப்போம். முதல் மூன்று வளைவு வரை எல்லோரும் பேசிக்கொண்டே ஏறுவார்கள். ஐந்தாவது வளைவில் பேச்சு நிற்கும். ஏழாவதில் பாருங்கள், களைத்தவனுடைய தோள் பெடலோடு சேர்ந்து வலது இடது என்று ஆட ஆரம்பிக்கும், பாட்டிலை எடுத்தால் திரும்பச் செருக இரண்டு முறை தடவுவான், வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் கியர் நினைவு வரும், செயின் கரகரவென்று சத்தம் போடும். களைக்காதவனுக்கு இடுப்புக்கு மேலே எதுவும் அசையாது, வளைவு வருமுன்னே கியரை மாற்றியிருப்பான். இதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால் ஆல்ப்ஸ் மலையில் ஹெலிகாப்டர் காட்டும் படத்திலும் அடையாளம் தெரியும்.

ஏறியதும் செல்போன் ஆப்பில் ஏறிய உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆன நேரத்தை மணியாக்கி வகுத்துப் பாருங்கள். மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினோம் என்று கிடைக்கும். எங்கள் குழுவில் நன்றாக ஏறுகிறவர்களுக்கே 700, 800 வரும். 2024 டூரில் பிளாத்தோ தெ பெய் மலையை, ஏறக்குறைய 16 கிலோமீட்டர், போகாச்சார் 40 நிமிடத்துக்குள் ஏறினார், 1998ல் இத்தாலியின் மலையேற்ற வீரர் பாந்தானி எடுத்ததைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைவு. அது மணிக்கு 1,800 மீட்டருக்கும் மேல் வரும். ஆனால் இந்தக் கணக்கை வைத்து இரண்டு இளம் வீரர்களை ஒப்பிடும்போது ஒரே மலை, ஒரே நாள் என்றால் மட்டும் நம்புங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, மலைக்கு முன் எத்தனை மணி நேரம் ஓட்டியிருந்தார்கள் என்பதெல்லாம் எண்ணில் தெரியாது.

பெண்கள் பந்தயத்தையும் இதே முறையில் பாருங்கள். 2024ல் சூரிக்கில் பிரிட்டனின் கேட் ஃபெர்குசன் ஜூனியர் ரோடு பந்தயம், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் ட்ரையல் இரண்டிலும் உலகப் பட்டம் வாங்கினார், நான் குறித்துவைத்த பெயர்களில் முதல் வரிசை.

அதே ஜூனியர் ரோடு பந்தயத்தில்தான் ஸ்விட்சர்லாந்தின் முரியெல் ஃபுரர் விழுந்து மறுநாள் இறந்துபோனார், வயது 18. அதற்குப் பிறகு ஜூனியர் பந்தயம் பார்க்கும்போது இறக்கத்தில் யாராவது வேகமாகப் போனால் எனக்கு உற்சாகத்தைவிடப் பயம்தான் வருகிறது. எவனபூலும் 2020ல் இத்தாலியின் லொம்பார்டியா பந்தயத்தில் பாலத்துக்குக் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர்தான். பழைய பெல்ஜிய ஜாம்பவான் மெர்க்ஸ் பெயரைச் சொல்லி, அடுத்த மெர்க்ஸ் என்று 18 வயதுப் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிவைத்து, ஒரு மோசமான பந்தயத்துக்கு அவ்வளவுதான் என்று எழுதுகிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தாமதமாக வருகிறவர்களுக்கும் நோட்டில் இடம் விடுங்கள். டென்மார்க்கின் வினெகோர் ஜூனியர் காலத்தில் யாரும் பேசாத பெயர், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டியவர், 2022லும் 2023லும் டூர் ஜெயித்தார். ஸ்லோவேனியாவின் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டுதலில் இருந்து வந்தவர். 2025 டூரில் மூன்றாவது இடமும் வெள்ளை ஜெர்சியும் வாங்கிய லிபோவிட்ஸ் முன்பு பயத்லான் வீரர், பனியில் சறுக்கிப் போய், இடையிடையே நின்று துப்பாக்கி சுடும் விளையாட்டு அது. இவர்கள் யாரையும் 18 வயதில் பல் பார்த்துப் பிடித்திருக்க முடியாது.

நோட்டு என்றேனே, 40 பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு பெயருக்கு ஒரு பக்கம், வருஷத்துக்கு ஆறு பெயருக்கு மேல் வேண்டாம். பிறந்த வருஷம், அணி, அந்த அணியில் அவருக்கு மேலே யார் இருக்கிறார் என்று எழுதுங்கள், ஏனென்றால் போகாச்சார் இருக்கிற அணியில் சேர்ந்த பையனுக்கு டூரில் தலைமை கிடைக்க நாளாகும். ஜிரோ நெக்ஸ்ட் ஜென், லாவெனிர், உலக சாம்பியன்ஷிப் முடிந்ததும் ஒவ்வொரு முறை திறந்து இரண்டு வரி எழுதுங்கள். டூர் கட்டங்கள் நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் முடியும், ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும்.

என் பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பையனும் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். செய்ஷாஸ் பக்கத்தில், டூருக்கு முன் பிரான்ஸில் நடந்த 2025 டோஃபினே பந்தயத்தில் 18 வயதில் பெரியவர்களோடு ஓட்டி 8வது இடம் வந்ததை எழுதி, கீழே "கோட்டைத் தாண்டிய பிறகு எப்படி இருந்தார் என்று பார்க்கணும்" என்று குறித்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது. மாமா போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவனோடு திண்ணையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.