45 என்று விடை வந்தால் என்ன குறிப்பு கொடுப்பது?

பைத்தான் நிரல்மொழியில், லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வைத்து 1 முதல் 10 வரை கூட்டும், மாணவர்களுக்கான பயிற்சி. விடை 55; பலருக்கு 45 வரும். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) 9-லேயே நின்றுவிடுவதுதான் காரணம். "லூப்பைச் சரிபார்க்கவும்" என்ற பழைய குறிப்பால் பயனில்லை, எங்கே பார்ப்பதென்றே அது சொல்லவில்லை. அதை மூன்றாக உடைத்தேன். முதலில், "லூப்புக்குள் ஐ-யை (ஒவ்வொரு சுற்றிலும் மாறும் எண்) பிரிண்ட் செய்யுங்கள். கடைசியாக எந்த எண் வருகிறது?" பெரும்பாலும் இதிலேயே பிடித்துவிடுவார்கள். பிடிபடாவிட்டால், ரேஞ்ச்(1, 4) எந்தெந்த எண்களைத் தரும் என்ற கேள்வி (1, 2, 3 மட்டும்). "10-க்குப் பதில் 11" என்பது கடைசி. கேட்டால்தான் காட்ட வேண்டும்.

விடை 9 அல்லது 10 என்று வந்தால் கதையே வேறு. கூட்டுத்தொகையைப் பூஜ்யத்தில் தொடங்கும் டோட்டல் = 0 என்ற வரி லூப்புக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் கூட்டலை அழித்துக்கொண்டிருக்கும். அதற்குத் தனிக் குறிப்பு: "டோட்டலையும் பிரிண்ட் செய்து பாருங்கள், ஏறுகிறதா?"