மலையேறும்போது சாக்ஸில் செய்யும் தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்கும் ஷூவுக்கும் பேர்போன ஊர்கள் எல்லாம் பழைய வட ஆற்காட்டில்தான். ஷூவை வளைத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து வாங்க நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆள் ஜவ்வாது மலைக்குக் கிளம்பும்போது பீரோவில் கிடக்கிற பழைய ஆபீஸ் சாக்ஸை மாட்டிக்கொண்டு போவார். கொப்புளம் வந்ததும் திட்டு வாங்குவது மட்டும் ஷூ.

பெரிய தவறு காட்டன் சாக்ஸ். வெயிலுக்குக் காட்டன்தான் நல்லது என்பது சட்டைக்குச் சரி. காற்றுப் படும், காய்ந்துவிடும். ஷூவுக்குள் காற்று ஏது? காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் இளகிப்போய் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மேல்தோல் இப்படிப் பிடிபட்டிருக்க, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகரும். அந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் விலகி, நடுவில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். அதனால் பாதை கரடுமுரடாக இருந்தால்தான் வரும் என்றில்லை, நல்ல தார் ரோட்டில் நடந்தாலும் வரும்.

காட்டனுக்குப் பதில் பாலியஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் போதும். வியர்வையை வெளிப்பக்கம் கடத்திவிடும், சீக்கிரம் காயும். ஒரே குறை, நாற்றம். மெரினோ என்கிற செம்மறி ஆட்டின் கம்பளி என்றதும் வேலூர் வெயிலில் கம்பளியா என்று சிரிப்பார்கள். மெரினோ இழை மிக மெல்லியது, குத்தாது. ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் கால் நசநசக்காது, இரண்டு நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஜமுனாமரத்தூர் பக்கம் இரவு தங்கி நடப்பவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. காலையில் ஏலகிரி ஏறி மதியம் திரும்புகிறவருக்கு அது தேவையே இல்லை என்பேன். வாங்குவதானால் நைலான் கலந்ததாகப் பாருங்கள். முழுக்க மெரினோ என்றால் குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது தடிமன். ‘மலைக்குப் போகிறாயா, தடிமனாக வாங்கு’ என்கிற அறிவுரை பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கானது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அது காலை வேகவைக்கும். நடக்க நடக்க பாதம் கொஞ்சம் வீங்கும். தடித்த சாக்ஸ் ஏற்கெனவே இடத்தை அடைத்திருந்தால், பர்வதமலை மாதிரி செங்குத்தான மலையில் இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் முட்டி நகம் கறுத்துவிடும். குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் மெத்தை வைத்து, மேல்பக்கம் வலை போல மெல்லியதாக நெய்தது நமக்குப் பொருந்தும். ஓடுகிறவர்களுக்கு இதைவிடவும் மெல்லிசாக, காலோடு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். விரலுக்கு விரல் உரசிக் கொப்புளம் வருகிறவர்கள் ஐந்து விரல் சாக்ஸை முயன்று பார்க்கலாம். பார்க்கத்தான் வேடிக்கையாக இருக்கும்.

ஃப்ரீ சைஸை நம்பாதீர்கள். குதிகாலுக்கான குழிவு பாதத்துக்கு அடியில் இழுபட்டு நின்றால் சாக்ஸ் சின்னது. அது கணுக்கால் பக்கம் மேலே ஏறி நின்றாலோ, விரல் நுனியில் துணி மடிந்தாலோ பெரியது. அந்த ஒரு மடிப்பு போதும், பத்து கிலோமீட்டரில் வேலையைக் காட்டிவிடும். விரல் பக்கத் தையலையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். புது ஷூ வாங்கப் போகும்போது, மலைக்குப் போடப்போகிற அதே சாக்ஸோடு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள்.

கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டை சாக்ஸ் ஜிம்முக்குச் சரி. மழை முடிந்த காலத்தில் ஜவ்வாது மலை ஒற்றையடிப் பாதையில் ஊசிப்புல்லும் நாயுருவியும் விடாது. ஷூ விளிம்பு வழியே மண்ணும் சின்னக் கல்லும் இறங்கும். கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை உயரமாவது இருக்கட்டும்.

கோயில் மலைகளில் இன்னொன்று நடக்கிறது. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளையும் வெறுங்காலில் ஏறி இறங்கிவிட்டு, புழுதிக் காலோடு அப்படியே சாக்ஸைப் போட்டுக்கொள்வது. அந்த மணல்துகள்கள் உள்ளேயிருந்து அரத்தைப் போல ராவும். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் போங்கள். அருவிக்குப் போவதானால் மாற்று ஜோடி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் தசை தானாக அழுகுவதல்ல, உணர்ச்சி இல்லாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமும்தான் என்று காட்டியவர். மரத்துப்போன சர்க்கரைக் காலுக்கும் அதே கதைதான்: கொப்புளம் உடைந்தாலும் வலிக்காது. வெளிர் நிற சாக்ஸ் போட்டால் ரத்தமோ நீரோ கசிந்தது கண்ணுக்குத் தெரியும். மேல் எலாஸ்டிக் காலில் தடம் பதிக்கிற அளவு இறுக்கமாக இருக்கக் கூடாது. உட்கார்ந்து இளைப்பாறும்போதெல்லாம் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று இறுக்கும் கம்ப்ரஷன் சாக்ஸை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

துவைப்பதிலும் கெடுக்கிறோம். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் வகைத் திரவங்கள் இழைமேல் படலமாகப் படிந்து, வியர்வையைக் கடத்தும் குணத்தைக் குறைத்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாதா சோப்பில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் எலாஸ்டிக் தளர்ந்துபோகும். அப்புறம், கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குதிகால் வழியாக விரல் தெரிந்தால் அந்த ஜோடி இனி வண்டி துடைக்க.